அல்வாவுக்குப் பின்னால் ஒரு பூட்டு

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

அரசு ரகசியத்தைத் தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்குத் தேவை சிறையா, துறை நடவடிக்கையா? சிறைதான் என்று பேச வந்திருக்கிறேன். சட்டம், பிரிவு என்று நிறையக் குறிப்பு எடுத்து வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொல்ல, நீங்கள் எல்லாரும் கைதட்டிவிட்டீர்கள். "பட்ஜெட் ரகசியத்தைக் காப்பாற்ற டெல்லியில் அல்வா கொடுக்கிறார்கள். இந்த அண்ணன் களி கொடுக்கச் சொல்கிறார். எது இனிக்கும்?" என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போக மாட்டேன்.

தம்பி, அல்வாவைப் பார்த்தீர்கள். அது முடிந்ததும் பூட்டுகிறார்களே ஒரு கதவை, அதைப் பார்த்தீர்களா?

1950-இல் பட்ஜெட்டின் ஒரு பகுதி முன்கூட்டியே கசிந்துவிட்டது. அதுவரை குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்த அச்சு வேலையை டெல்லி மின்டோ ரோட்டில் இருந்த அச்சகத்துக்கு மாற்றினார்கள். 1980-இல் அங்கிருந்து, நிதி அமைச்சகம் இருந்த நார்த் பிளாக் கட்டிடத்தின் அடித்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்ஜெட்டுக்குச் சில நாள் முன்பு அங்கே நிதி அமைச்சர் வருவார், பெரிய கடாயிலிருந்து அல்வாவை எடுத்து ஊழியர்களுக்குக் கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். நாம் பேப்பரில் பார்ப்பது அதோடு சரி. அப்புறம்தான் விஷயமே. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகக் கூடாது, செல்போன் கூடாது. நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைப் படித்து முடிக்கும்வரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

2020 ஜனவரி 20 அன்று அப்படித்தான் அல்வா கொடுத்தார்கள், கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் அச்சக அதிகாரி ஒருவர். ஜனவரி 26, ஊரே குடியரசு தினம் கொண்டாடிய அன்று, அவருடைய அப்பா இறந்துவிட்டார். சபையோரே, அப்பா! நம் வீட்டில் என்றால் என்ன செய்வோம்? துபாயில் இருந்தாலும் கடன் வாங்கி டிக்கெட் போட்டு ஓடி வருவோம். பெட்டிக்குள் வைத்தாவது பிள்ளை வரும்வரை காத்திருப்பார்கள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அச்சு வேலை முடியும்வரை ஒரு நிமிடம்கூட வெளியே போவதில்லை என்று முடிவெடுத்தார். இது நான் கட்டிய கதை இல்லை. நிதி அமைச்சகமே ட்விட்டரில் நாட்டுக்குச் சொன்னது. அப்பா போன செய்தியைக் கேட்ட நிமிடம் அவர் எப்படி இருந்திருப்பார்? கையில் நாட்டின் கணக்கு, மனசில் அப்பா. பக்கத்தில் வேலை செய்தவர்கள் அவரிடம் என்ன பேசியிருப்பார்கள்?

இப்போது கேட்கிறேன் தம்பி, அவரை உள்ளே உட்கார வைத்தது அல்வாவா?

அது ஒரு வகை அரசு ஊழியர். இன்னொரு வகையும் உண்டு. 1985 ஜனவரியில், தனியார் நிறுவனத்தில் இருந்த குமார் நாராயண் என்பவரின் உளவு வலை பிடிபட்டது. பிரதமர் அலுவலகம் வரைக்கும் ஆள் வைத்திருந்தார். கோப்புகளை நகலெடுத்து வெளிநாட்டுத் தூதரகங்களுக்குக் கொடுத்தார்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர், பின்னாளில் நம் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்தாரே அவர்தான், தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தன் கையால் எதையும் விற்காதவர் உடனே போய்விட்டார். விற்றவர்களுக்குத் தண்டனை வர 2002 ஆனது. 17 வருடம்! குமார் நாராயண் அதற்கு 2 வருடம் முன்பே செத்துப்போனார்.

துறை நடவடிக்கை போதும் என்கிறீர்கள். 17பி மெமோ, அதாவது துறை விதிப்படி குற்றச்சாட்டு நோட்டீஸ் கொடுப்பீர்கள், சஸ்பெண்ட் செய்வீர்கள். பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வீடு தேடி வரும். அப்பா செத்தும் நகராமல் உட்கார்ந்திருந்தவரும், கோப்பை விற்றுக் காசு பார்த்தவரும் ஒரே பென்ஷனோடு வீட்டுக்குப் போக வேண்டுமா? என் மனசு ஒப்பவில்லை.

ஊழலை அம்பலப்படுத்துகிறவரையும் உள்ளே தள்ளுவார்களே என்று இன்னொரு அம்மா கேட்டார். அவர் கவலை நியாயமானது. 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட அரசு ரகசியச் சட்டத்துக்கு அந்த ஆபத்து உண்டு. ஆனால் பொதுநலன் பெரிது என்றால் ரகசியத்தையும் தரலாம் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு சொல்கிறது. ஊருக்காகப் பேசுகிறவருக்கு நான் சிறை கேட்கவில்லை அம்மா. ஊரை விற்கிறவருக்குத்தான் கேட்கிறேன்.

ரகசியம் என்றதும் நாம் ராணுவம், பட்ஜெட் என்றே யோசிக்கிறோம். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே, புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அச்சாகி வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவருக்கு 25 லட்சம் கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது. சரி, பாடம் படித்தோமா? 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் போட்ட முதல் தகவல் அறிக்கை, அவர் அடையாளத்தோடு இணையத்துக்கு வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் இருக்கிறது. அது ஏட்டில் கிடக்க, 25 லட்சம் 25 லட்சமாக நம் வரிப்பணம் போகிறது. போகட்டும், பணம்தானே. அந்தப் பெண் மறுநாள் கல்லூரி வாசலில் எப்படி நின்றிருப்பாள்? அவளுடைய அம்மா எந்த முகத்தோடு தெருவில் நடந்திருப்பாள்? போலீஸை நம்பித்தானே வந்தாள்? யாரிடமும் சொல்லாததை, பெற்றவளிடம் சொல்லக் கூசியதை, அரசாங்கத்தை நம்பி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாளே! அந்தக் காகிதத்தைத் தெருவில் விட்டவருக்கு மெமோ போதுமா?

நடுவர் அவர்களே, இந்தக் கூட்டத்தில் எத்தனை அப்பாக்கள், எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் அவர்கள் வீட்டுப் பெண் என்று நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.