கிண்ணம் எங்கே என்று கேட்டவருக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயிலிலும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். சித்திரை முதல் நாளின் மகிழ்ச்சி வீட்டிலா, சுற்றுலாவிலா? வீட்டில்தான். சரி, தலைப்பு முடிந்தது. கிண்ணத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். “வீட்டில் கொண்டாடி என்ன மிச்சம்? பக்கத்து வீட்டுக்குப் பச்சடி கொடுத்தனுப்பிய கிண்ணம்கூடத் திரும்பி வராது!”

ஐயா, அது ஏன் திரும்பி வர வேண்டும்?

எங்கள் கோவைத் தெருவில் நடந்தது. மாங்காய், வெல்லம், துளி மிளகாய், நெய்யில் வறுத்த வேப்பம்பூ. அம்மா பச்சடி செய்து எதிர்வீட்டு அக்காவுக்கு அனுப்பினார். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் நம் ஊரில் உண்டா? அக்கா போளி வைத்தார். எதில்? எங்கள் கிண்ணம் கழுவாமல் கிடந்ததால் அவருடைய கிண்ணத்தில்! அம்மா விடுவாரா? பதிலுக்கு வடை. எதில்? அவசரத்தில் கைக்குக் கிடைத்ததில். அது மூன்றாம் வீட்டுக் கிண்ணம்! மூன்றாம் வீட்டுப் பாட்டி அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எவர்சில்வரில் பெயர் வெட்டியிருக்கிறதே! வடையை வாயில் போட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துப் படிக்கிறார். “இது எம்பொண்ணு சீருக்கு வாங்கினதாச்சே!” தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு கிண்ணத்தைக் கவிழ்த்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற மாதிரி பெயர் படிக்கிறார்கள். பஞ்சாயத்து முடிவதற்குள் மூன்று வீட்டுப் பலகாரமும் காலி!

கொடைக்கானலில் இது நடக்குமா? எங்கள் பக்கம் முதல்நாள் இரவே கண்ணாடி முன்னால் மா, பலா, வாழை, நகை, பணம் எல்லாம் அடுக்கி, விடிந்ததும் கனி காண்போம். விடுதி அறைக் கண்ணாடியில் என்ன தெரியும்? பின்னால் தொங்குகிற ஈரத்துண்டு!

2008-ல் தை முதல் நாள்தான் புத்தாண்டு என்று சட்டமே வந்தது. 2011-ல் அது ரத்தானது. நடுவில் எங்கள் தெருவில் யாரும் பச்சடியை நிறுத்தவில்லை. அரசாணை பார்த்தா வேம்பு பூக்கிறது?

மணி அடிக்காதீர்கள் நடுவரே, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா போன பிறகு வந்த முதல் சித்திரை. துக்க வருடம், பண்டிகை கிடையாது. அடுப்பில் வெறும் சோறு. கதவு தட்டுகிற சத்தம். எதிர்வீட்டு அக்கா, கையில் பச்சடி. கிண்ணத்தைப் பார்த்தேன். அம்மாவின் பெயர். “தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன் கண்ணு. திருப்பிக் கொடுத்துட்டா உங்கம்மா அடுத்து எதுக்கு எங்க வீட்டுக்கு வருவாங்க?” என்றார்.

சாப்பிட்டு, கழுவி, அவரிடமே கொடுத்துவிட்டேன். கிண்ணம் எங்கே என்று கேட்டீர்களே தலைவரே, எதிர்வீட்டில் இருக்கிறது. வருகிற ஏப்ரல் 14 காலையில் வரும். வாங்க நான் வீட்டில் இருந்தாக வேண்டும். கொடைக்கானலுக்கு நீங்கள் போய்விட்டு வாருங்கள். வணக்கம்.