ஊர் ஓடினால் ஒத்து ஓடு: சுழலும் பூமியும் வளையும் பாதையும்

(பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் மாணவர்களும் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் பேசியது. மேடையில் வாயில் வராத சில எண்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, தொகுதிப் பணிகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த டத்தோ அவர்களே (மின்விசிறிகள் எல்லாமே ஓடுகின்றன, அதற்குத் தனி நன்றி), தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் குழுத் தலைவர்களே! உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன். ஆசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு இப்போது ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மகிழ்ச்சி. ஆனால் தலைவருக்குத் தெரியும், நான் ஏறும் எல்லா மேடையிலும் இதையே சொல்கிறேன்: பொன்னாடை வேண்டாம். பினாங்கின் வெயிலில் யார் அதைப் போர்த்திக்கொண்டு திரிவது? அந்தப் பணத்துக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கி ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். 

இன்றைய தலைப்பு, பூமி சுழல்வதால் நகரும் பொருள்களின் பாதை எப்படி வளைகிறது என்பது. காற்று, கடல், ராக்கெட் என்று மூன்றைப் பற்றியும் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்தில் எங்கள் பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் ஒரு பழமொழி உண்டு. 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.' இன்றைக்குச் சொல்ல வேண்டிய பௌதிகத்தில் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறீர்கள். இல்லை. பூமத்திய ரேகையின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். பூமி ஒரு முறை தன்னைச் சுற்றிக்கொள்ள 23 மணி 56 நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் பூமத்திய ரேகையில் இருப்பவர் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். பினாங்கு ஐந்தரை டிகிரிக்குச் சற்றுக் குறைவான வட அட்சத்தில் இருப்பதால் நம் வேகம் அதைவிட ஏழெட்டு கிலோமீட்டர்தான் குறைவு. சென்னைக்காரர் 1,630. லண்டன்காரர் வெறும் 1,040. துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே திரும்புகிறார், அவ்வளவுதான்.

இந்த ஓட்டம் நமக்கு ஏன் தெரியவில்லை? நாற்காலி, கூரை, மண்டபம், காற்று, டத்தோ எல்லாரும் சேர்ந்தே ஓடுகிறோம். ஊர் ஓடினால் ஒத்து ஓடு! ஆனால் ஊர் விட்டு ஊர் போகிறவன் பாடு வேறு. அவன் புது ஊருக்கு வந்த பிறகும் பழைய ஊரின் ஓட்டத்தையே ஓடிக்கொண்டிருப்பான். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஒரு குண்டைச் சுட்டால், அது 1,670 வேகத்தைச் சுமந்துகொண்டு மெதுவாக ஓடும் நாடுகளுக்குள் நுழைகிறது. அதனால் தரையை முந்திக்கொண்டு கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம் விலகும். லண்டனிலிருந்து தெற்கே சுட்டால், வேகமாக ஓடும் நாடுகளில் அது பின்தங்கி மேற்கே போகும். தெற்குப் பார்த்துப் போகிறவனுக்கு மேற்கு எந்தப் பக்கம்? அதுவும் வலப்பக்கம்தான். வட பாதியில் எங்கும் வலம், தென் பாதியில் இடம்.

இந்தக் கணக்கை வர்த்தகக் காற்றுக்கு முதலில் போட்டுக் காட்டியவர் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர், 1735இல். கணக்கு பாதிதான் சரி. உண்மையான விலகல் அவர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு. கிழக்கிலோ மேற்கிலோ நேராகப் போகும் பொருளும் விலகும், அதற்கு அவர் கணக்கில் இடமே இல்லை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1835இல், பாரிசில் கஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ் முழுக் கணக்கையும் எழுதினார். அவர் காற்றையும் நினைக்கவில்லை, புயலையும் நினைக்கவில்லை. தண்ணீர்ச் சக்கரம்போலச் சுழலும் இயந்திரங்களுக்காக எழுதினார். அதே ஆண்டில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பந்து விளையாடிக்கொண்டு கணக்குப் போடும் பையனை இனிமேல் திட்டாதீர்கள்.

அந்த விலகல் எவ்வளவு என்று தம்பிகள் கேட்பார்கள். நம் ஊர்த் திடலில் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை உதைத்தால், ஒரு விநாடியில் பூமி அதை விலக்குவது 0.2 மில்லிமீட்டர். அதனால் கோல் தவறினால் பூமியின் மேல் பழி போடாதீர்கள். இன்னொன்றும் உண்டு, அது நம் வட்டாரத்துக்கே உரியது. பக்கவாட்டு விலகல் பூமத்திய ரேகையில் பூஜ்யம், ஆனால் மேலிருந்து விழும் பொருள் கிழக்கே விலகுவது அங்கேதான் உச்சம். கொம்தார் கோபுரத்தின் 230 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், அது நேர் கீழே விழாது. ஏழரை சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி விழும். கோபுர உச்சி அடிவாரத்தைவிட ஒரு துளி வேகமாக ஓடுகிறது, காரணம் அதுதான். யாரும் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம், கீழே கடைகள் இருக்கின்றன.

இனி குளியலறைத் தொட்டி. இதைச் சொல்லாமல் போனால் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள்.

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து இலைச் சாப்பாடு. என் பங்காளி ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். பாயசம் வரைக்கும் நல்லபடியாகத்தான் இருந்தார். கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மாமா, இங்க பாருங்க! எங்க ஊர்ல இது அந்தப் பக்கமா சுத்தும்!" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "அதெல்லாம் கட்டுக்கதை" என்றார். போச்சு. இவர் அடைப்பானை வைத்துத் தொட்டியை நிரப்புகிறார், திறக்கிறார், "பாத்தீங்களா?" என்கிறார். அவர் பக்கத்துத் தொட்டியை நிரப்புகிறார், திறக்கிறார், அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. மூன்றாவது தொட்டி எந்தப் பக்கமும் சுற்றாமல் கடகடவென்று இறங்கிவிட்டது. பின்னால் சாம்பார்க் கையோடு முப்பது நாற்பது பேர். மாப்பிள்ளையின் சித்தப்பா என்ன தகராறு என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு தொட்டியைப் பிடித்துக்கொண்டார். மண்டபக் காவலாளி வந்து தண்ணீர் மீட்டரைக் காட்டிக் கத்தினார். பந்தி பரிமாறியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் வலம், பெண் வீட்டார் எல்லாம் இடம். ஒரு பாட்டி மட்டும் "கல்யாண வீட்ல எடப்பக்கம் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் நின்றான். நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ, தமிழ்ப்பள்ளிப் பிள்ளை. அவன் மெதுவாக, "தண்ணிய ரொப்பிட்டு ரொம்ப நேரம் ஆட்டாம வெச்சு, அப்புறம் தொறந்தா என்ன ஆகும் சார்?" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. அதே கேள்வியை முன்பே கேட்டவர்தான் 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஆஷர் ஷபிரோ. ஆறடி அகலம், ஆறங்குல ஆழத்தில் ஒரு வட்டத் தொட்டி. தண்ணீரை நிரப்பி, மூடி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டார். பிறகு நடுவில் இருந்த சின்னத் துளையைத் திறந்தார். முதல் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீரில் விட்டிருந்த மிதவை மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பத் தொடங்கியது. 1965இல் சிட்னியில் இதேபோல் செய்தார்கள், வலஞ்சுழியாகத் திரும்பியது. ஆக, என் பங்காளி சொன்ன கதை உண்மை. ஆனால் கல்யாண மண்டபத் தொட்டிக்கு அது பொருந்தாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஊற்றப்பட்டது, தொட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இவைதான் அங்கே தீர்மானிக்கின்றன. அதிலும் பட்டர்வொர்த்தில் பூமியின் தள்ளல் எம்.ஐ.டி. இருக்கும் ஊரில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான்.

அந்தப் பையன் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்டான். கேட்ட பிறகு அவன் போய்ச் செய்துபார்க்க எங்கே ஓர் இடம் இருக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரை தென் பாதியிலிருந்து வரும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து இறங்கும் காற்றும் வலம் திரும்பி, வடகிழக்குப் பருவக்காற்றாகிக் கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைக்கிறது. ஒன்றில் ஏறி வந்து மற்றொன்றில் திரும்பிப் போனவர்கள்தான் நம் முன்னோர். அவர்கள் கடலிலிருந்து பார்த்து அடையாளம் வைத்துக்கொண்ட ஜெராய் மலையை இங்கிருந்தே பார்க்கலாம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். காற்றும் ஒத்து ஓடாமல் வளைந்ததால் நாம் இங்கே இருக்கிறோம்!

புயலும் அப்படியே. நடுவில் அழுத்தம் குறைந்ததும் நாலாபக்கமும் காற்று உள்ளே பாய்கிறது. வட பாதியில் பாய்வதெல்லாம் வலம் விலகுவதால், நடுவைத் தவறவிட்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிக்குள் விலகல் மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் பிறக்காது என்று பாடத்தில் படித்தோம். ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் ஒன்றரை டிகிரியில் பிறந்து, 27ஆம் தேதி ஜொகூரில் கரையேறியது. பூமி தராத சுழற்சியைப் போர்னியோ பக்கம் ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்த காற்றும் வடகிழக்கின் குளிர்காற்றுப் பாய்ச்சலும் சேர்ந்து கொடுத்தன.

கடலைப் பற்றிப் பேச நினைத்தேன். ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் நான் வந்த காரியத்துக்கு வந்துவிடுகிறேன்.

1851இல் பாரிசில் லெயோன் ஃபூக்கோ, பாந்தியோன் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டினார். பூமி சுழல்வதைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. ஊசல் ஆடும் திசை மணிக்கு மணி திரும்பியது. ஊர் முழுக்க ஒத்து ஓடும்போது ஒருவன் மட்டும் தன் திசையில் ஆடினான், ஊர் வந்து அவனைக் கேட்டது! பாரிசில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். அதே ஊசல் பினாங்கில் ஒரு சுற்றுத் திரும்பப் பத்தரை நாள் ஆகும். கோலாலம்பூரில் பதினெட்டு நாள். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது. அதாவது, பிள்ளைகள் அதைப் பார்த்தே தாங்கள் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம், வரைபடம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டால் இந்த மண்ணில் நம் கல்விக்கு இருநூறு வயதைத் தாண்டிவிட்டது. 28க்கும் சேர்த்து ஒரே ஓர் ஊசல் கேட்கிறேன். ஏதாவது ஒரு பள்ளியின் மாடிப்படிக்கட்டு நடுவே உயரமான இடம், நல்ல எஃகுக் கம்பி, கனமான உலோகக் குண்டு, எந்தப் பக்கமும் சாயாத பிடிமானம். இந்தப் பிடிமானத்தில்தான் கஷ்டம். நம் ஊரில் திரும்பல் மெதுவாக இருப்பதால் சின்னக் கோணல்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். நல்ல பட்டறைக்காரர் வேண்டும், பிறை தொழிற்பேட்டையில் இல்லாத பட்டறையா? குண்டைக் கையால் தள்ளக் கூடாது. நூலால் இழுத்துக் கட்டி, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடவேண்டும், ஃபூக்கோ செய்ததுபோலவே. காலை ஏழரைக்கு விட்டால், பன்னிரண்டரைக்குள் ஏழு டிகிரி திரும்பியிருக்கும். ஒரு மீட்டர் வீச்சில் அது 12 சென்டிமீட்டர். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் அடிக்கோலால் அளந்துவிடலாம்.

இப்போது பந்தல் தலைவர்களே, உங்களிடம் வருகிறேன். நீங்கள் தரும் மோரும் சோறும் புண்ணியம், அதில் ஒரு கரண்டி குறைக்கச் சொல்லமாட்டேன். ஒலிபெருக்கியில் குறையுங்கள். ஒரு பந்தலுக்கு ஒரு பெட்டி குறைந்தால் முருகனுக்கும் காதுவலி குறையும். அந்த வாடகையை ஊசலுக்குத் தாருங்கள். குண்டின் மேல் உங்கள் குழுவின் பெயரைப் பொறித்துத் தருகிறோம். மாண்புமிகு அவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தால் ஒப்புக்கொண்டதாகவே செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

ராக்கெட் பாக்கி. பினாங்கின் அட்சத்துக்கு மிக அருகில்தான் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளமும் இருக்கிறது, பூமியின் ஓட்டத்தை இலவசமாக வாங்கிக்கொள்வதற்காக. ஏன் பெரும்பாலும் கிழக்கு நோக்கி ஏவுகிறார்கள் என்பதை... மணி அடித்துவிட்டார்கள். சரி, அடுத்த கூட்டத்தில். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், பெயரையும் தொகையையும் எழுதிக்கொடுத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். நன்றி, வணக்கம்.