நம்பிக்கை வெறும் அபிப்பிராயமா?

வணக்கம் நேயர்களே.

நான் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறவள். மத நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் ஊரில் யாராவது ஒருவர், "அது அவங்கவங்க சொந்த அபிப்பிராயம், விடுங்க" என்பார். டீக்கடையிலும் கேட்கிறேன், நீதிமன்ற வராந்தாவிலும் கேட்கிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது சரி என்று எனக்குப் படவில்லை.

அப்படிச் சொல்வதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 1882இல் இதே சேலத்தில், சாமி ஊர்வலம் போகும் பாதையில் மசூதி கட்டியதை ஒட்டி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய கலவரம் மூண்டது. அதைத் தூண்டிவிட்டதாக, பின்னாளில் காங்கிரஸ் தலைவரான வக்கீல் சேலம் விஜயராகவாச்சாரியார் மீதே வழக்குப் போட்டார்கள். பிறகு அவர் விடுதலையானார். இப்படியெல்லாம் பார்த்த ஊரில், வாயைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று பெரியவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை வேண்டாம் என்பதற்காக, நம்பிக்கையை அது அல்லாத வேறொன்றாகச் சொல்லிவிட முடியுமா?

மாம்பழத்தில் மல்கோவா உசத்தியா, இமாம் பசந்த் உசத்தியா என்பது அபிப்பிராயம். இன்றைக்கு ஒன்று சொல்லி நாளைக்கு மாற்றிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் உருளுதண்டம் போடுகிறவர்களைப் பாருங்கள். போன வருடம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு, கூப்பிய கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, வேப்பிலையை இறுக்கிப் பிடித்தபடி உருண்டார். சேலை விலகாமல் சரிசெய்துகொண்டே அவர் நாத்தனார் கூடவே குனிந்து நடந்தார். முடித்து எழுந்தபோது அக்காவுக்குத் தலை சுற்றியது. முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. மகன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம். "ஆத்தாளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், நிறைவேத்தாம இருக்க முடியுமா வக்கீலம்மா?" என்றார். கொடுத்த வாக்கு அவரைக் கட்டியிருக்கிறது. அந்த அக்காவிடம் போய், இது உங்கள் சொந்த அபிப்பிராயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டமும் அப்படிச் சொல்வதில்லை. 1985இல் கேரளாவில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நீதிபதிகளுக்கு ஏற்புடையதா என்பது கேள்வியே இல்லை, பிள்ளைகள் அதை உண்மையாக, மனசாட்சியோடு கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்றது. படிப்பே போனாலும் சரி என்று ஒரு குழந்தையை நிற்க வைக்கிற ஒன்றை அபிப்பிராயத்தோடு சேர்க்க முடியாது.

சரி, அப்படியானால் நம்பிக்கையை யாரும் தொடவே கூடாதா? அதுவும் இல்லை. இன்ன சாதிக்காரர் கோயிலுக்குள் வந்தால் சாமிக்குத் தீட்டு என்பதையும் நம் முன்னோர் நம்பிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள். உண்மையாக, மனசாட்சியோடுதான் வைத்திருந்தார்கள். அதைச் சொந்த விஷயம் என்று விட்டிருந்தால் இன்றைக்கும் பாதி ஊர் வாசலுக்கு வெளியேதான் நின்றிருக்கும். இந்த சேலத்தில் வக்கீல் தொழில் செய்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்) இருந்தபோது, 1939இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனார். அதற்குப் பாதுகாப்பாக ராஜாஜி சட்டமும் கொண்டுவந்தார். அந்த நம்பிக்கை தப்பு என்று அப்போது சிலர் வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்களில் பலர் பக்தர்கள். இன்றும் சில ஊர்களில் அந்த வாசல் முழுதாகத் திறக்கவில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாதம் செய்தால் பகை வராதா என்று கேட்பீர்கள். நம் மணிமேகலையைப் பாருங்கள். வஞ்சி மாநகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவர், வைணவர், வேதவாதி, ஆசீவகர், நிகண்டர் எல்லோரும் வரிசையாகச் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால், எதை எப்படி அறிகிறோம் என்கிற அளவைகளிலிருந்தே அந்தக் காதை தொடங்குகிறது. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிற பூதவாதியிடம் அவள், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறாள், ஒப்பாததை ஒப்பவில்லை. அவள் பேச்சினால் அங்கே யார் தலையும் உருளவில்லை.

நம் சேலம் பெரியேரியில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலை உண்மையில் புத்தர் சிலை என்று 2011இல் வழக்குத் தொடுத்தார்கள். தொல்லியல் துறை போய்ப் பார்த்தது. தாமரைப் பீடம், தியான முத்திரையில் மடி மேல் கைகள், சுருள்முடி, நீண்ட காது மடல். வெட்டுப்பட்ட தலையைப் பின்னாளில் ஒட்டவைத்திருந்தார்கள். அது புத்தர்தான் என்று 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லி, பூஜையை நிறுத்தி, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள உத்தரவிட்டது.

கல் யாருடைய உருவம் என்பது யாருடைய அபிப்பிராயத்தையும் பொறுத்ததில்லை. பார்த்து, அளந்து, ஒப்பிட்டுச் சொல்லக்கூடியது. இத்தனை பேர் இத்தனை காலம் கும்பிட்டார்கள் என்பதால் புத்தர் முனியப்பனாகிவிட மாட்டார். அந்தச் சிலையின் கழுத்து எப்போது, எதற்காக வெட்டுப்பட்டது என்று கேட்கும் உரிமையும் பௌத்தர்களுக்கு உண்டு. அதே சமயம், அங்கே பொங்கல் வைத்துப் பிள்ளைக்கு மொட்டை போட்ட குடும்பத்தின் நேர்த்திக்கடனைத் தொல்லியல் அறிக்கை தீர்த்துவிடாது. இரண்டு பக்கமும் அபிப்பிராயம் என்று ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்தால், இரண்டு பேருக்கும் அநியாயம் செய்கிறோம்.

பதினோராம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்போ சித்தி, இவ்வளவு நாளா அவங்க வேண்டுனதை யார் கேட்டுக்கிட்டு இருந்தா?" என்றாள். கும்பிடுகிறவர்களின் முனியப்பன் அந்தக் கல்லுக்குள் மட்டும்தான் இருந்தாரா என்று நான் கேட்டேன். அப்படியென்றால் கல்லே தேவையில்லையே என்றாள். கடவுள் உண்டு என்று நான் ஏன் நம்புகிறேன் என்று சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, காரணமும் சொன்னாள். அதில் ஒரு காரணத்துக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவாள், மறுபடியும் பேச வேண்டும்.

வணக்கம்.