மூட்டை மேல் போட்ட எண்

நேயர்களுக்கு வணக்கம். குமுளிப் பக்கம் ஏலக்காய் வியாபாரிகளின் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். போன மாதம் ஒரு கடைக்காரர் கேட்டார்: "தம்பி, எங்களுக்குத் தனி லைன் என்கிறார்களே, இங்கிருந்து கொச்சி வரைக்கும் எனக்கென்று ஒரு கம்பியா இழுத்திருக்கிறார்கள்?"

இல்லை. ஊரில் எல்லாருடைய சரக்கும் ஒரே ஃபைபரில்தான் போகிறது. பிரித்துக் கொடுப்பது லேபிள் என்கிற ஒரு சின்ன எண். இந்த முறைக்கு எம்.பி.எல்.எஸ். (மல்டி புரோட்டோகால் லேபிள் சுவிட்சிங்) என்று பெயர்.

பார்சல் ஆபீஸில் மூட்டை போட்டிருப்பீர்கள். புக்கிங்கில் இருப்பவர் முகவரியை ஒருமுறை படித்து, சாக்கின் மேல் மையால் ஒரு எண் போடுவார். அப்புறம் தூக்குகிறவர்கள் யாரும் முகவரியைப் படிப்பதில்லை. எண்ணைப் பார்த்து லாரியில் ஏற்றுவார்கள். இங்கேயும் அப்படித்தான். லைன் தரும் கம்பெனியின் நெட்வொர்க் வாசலில் இருக்கும் ரூட்டர், அதாவது வழி பார்த்து அனுப்பும் பெட்டி, மட்டும் கம்ப்யூட்டரின் எண் முகவரியான ஐ.பி. முகவரியைப் பார்த்து, பாக்கெட் என்கிற தகவல் துண்டின் முன்னால் 4 பைட்டில் ஒரு சீட்டு ஒட்டுகிறது. அதில் 20 பிட் எண்ணுக்கு, 3 பிட் எது முந்திப் போகவேண்டும் என்பதற்கு.

ஒரு வித்தியாசம் உண்டு. இந்த எண் வழிநெடுக மாறும். ஒவ்வொரு ரூட்டரும் பக்கத்து ரூட்டரிடம், "இந்த இடத்துக்குப் போவதை என்னிடம் 37 என்று போட்டு அனுப்பு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். 37 வந்ததும் அதை எடுத்துவிட்டு, அடுத்தவர் கேட்ட 112-ஐ ஒட்டி அனுப்பும். நடுவில் அவ்வளவுதான் வேலை.

வியாபார லைனில் இரண்டு சீட்டு இருக்கும். மேலே உள்ளது எந்த வாசலுக்கு என்று சொல்லும். உள்ளே உள்ளது யாருடையது என்று சொல்லும். அதனால்தான் இரண்டு கடைகள் உள்ளே ஒரே 192.168.1.10 என்ற ஐ.பி. முகவரியை வைத்திருந்தாலும் ஒருவர் பில் இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் போவதில்லை. முகவரி தேடும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் 1990-களில் இதை யோசித்தார்கள். 2001-ல் தரநிலையாக வந்தது. இன்று ரூட்டர்கள் முகவரியையே வேகமாகத் தேடிவிடும். இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்காகத்தான் இது இன்னும் நிற்கிறது என்பேன்.

இந்தச் சீட்டினால் ஒருமுறை மூன்று நாள் அலைந்தேன். ஒரு பிராஞ்சில் சின்ன மெயில் போகும், பிங் என்கிற சோதனைப் பாக்கெட் போகும். ஸ்கேன் செய்த பில் மட்டும் பாதியில் நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், முழு பாக்கெட் 1500 பைட், இரண்டு சீட்டு 8 பைட், ஆக 1508. நடுவில் ஒரு பெட்டி 1500-க்கு மேல் வாங்காது என்று வைத்திருந்தார்கள். பெரிய பாக்கெட் எல்லாம் அங்கே விழுந்துகொண்டிருந்தது. அளவை ஏற்றியதும் பில் போனது. அன்றிலிருந்து புது லைன் என்றால் முழு அளவு பாக்கெட்டை, துண்டாக்காதே என்று சொல்லி அனுப்பிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. மழைக்காலத்தில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால், மாற்று வழியை முன்பே போட்டு வைத்திருக்கும் நெட்வொர்க்கில் 50 மில்லிசெகண்டுக்குள் திருப்பிவிட முடியும். போனில் பேசுகிறவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் இரண்டு ஃபைபரும் லோயர் கேம்ப் இறங்கும் அதே மலைச்சாலையில் போனால் இரண்டும் சேர்ந்தே அறும். ஒன்று கம்பம் பக்கம், ஒன்று கோட்டயம் பக்கம் போகிறதா என்று கேட்டு, பாதையைக் காகிதத்தில் வரைந்து வாங்குங்கள்.

தனி லைன் என்றால் பூட்டிய லைன் என்றும் நினைக்க வேண்டாம். லேபிள் பிரிக்கும், மறைக்காது. சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் போகிற பாதையில் பூட்டு, அதாவது என்கிரிப்ஷன், நீங்கள்தான் போடவேண்டும். அதை உங்கள் ரூட்டரிலேயே செய்யலாம். நாளைக்கே உங்கள் நெட்வொர்க் ஆளிடம் கேளுங்கள்.

வணக்கம்.