பழைய ஜப்பானிய அஞ்சலட்டையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: ஃபூஜி மலைப் படம் போட்ட பழைய அட்டை. ஒரு கை அதைத் திருப்புகிறது.]

பழைய ஜப்பானிய அஞ்சலட்டை கையில் கிடைத்தால் நம் கண் முதலில் படத்துக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள், திருப்பி முகவரிப் பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானிய மொழி தெரியாதவர்கூட அதன் வயதை அங்கே பிடித்துவிடலாம்.

ஜப்பானிய அஞ்சல்துறையின் முதல் அட்டைகள் 1873 டிசம்பரில் வந்தன. மெல்லிய தாளை இரண்டாக மடித்தவை; தபால்தலை அதிலேயே அச்சாகியிருக்கும். கட்டணம் ஊருக்குள் அரை சென், வெளியூருக்கு ஒரு சென் (சென் என்பது யென்னில் நூறில் ஒரு பங்கு).

தனியார் அட்டைகளுக்கு 1900இல் அனுமதி கிடைத்தது. 1904–05 ரஷ்யப் போர்க் காலத்தில் பட அட்டை மோகம் நாடெங்கும் பரவியது.

[திரையில்: நான்கு முகவரிப் பக்கங்கள்]

இப்போது முகவரிக்கும் செய்திக்குமான இடங்களைப் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கோடே இல்லையா? அப்போது முகவரிப் பக்கத்தில் செய்தி எழுதக் கூடாது. அதனால்தான் அந்தக் கால அட்டைகளில் படத்தின் ஓரத்திலேயே தூரிகையால் நெருக்கி எழுதியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். 1907இல் மூன்றில் ஒரு பங்கு இடத்தைச் செய்திக்கு விட்டார்கள். 1918இல் பாதி வரை. மேலே ‘அஞ்சலட்டை’ என்று ஜப்பானிய மொழியில் வலமிருந்து இடமாக ஒரு தலைப்பு இருக்கும். 1933 முதல் அதில், வலமிருந்து நான்காவது எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடுகள் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தலைப்பே இடமிருந்து வலமாக மாறிவிட்டது.

அடுத்து அஞ்சல் முத்திரை. அதில் இருப்பது பேரரசரின் ஆட்சியாண்டு. மெய்ஜி ஆட்சி என்றால் அந்த ஆண்டோடு 1867ஐக் கூட்டுங்கள், தைஷோ என்றால் 1911, ஷோவா என்றால் 1925. எந்த ஆட்சி என்று முத்திரையில் இருக்காது. சரி, ஆண்டு 6 என்று இருந்தால் அது 1917ஆ, 1931ஆ? கோடு நடுவில் இருந்தால் 1917 ஆகவே முடியாது. மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் 1917ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய அட்டையைப் பிற்பாடு யாராவது அனுப்பியிருக்கலாம்.

[திரையில்: தபால்தலை இல்லாத, சிவப்பு முத்திரை விழுந்த அட்டை]

தபால்தலை இல்லையே என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். போர்முனை வீரர்களின் தபாலுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சிவப்பு முத்திரை தணிக்கை அதிகாரியுடையது.

அப்புறம், தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தலை, முத்திரை, கையெழுத்து மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. அட்டையைப் போட்டு வைக்க பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள்.