பேப்பரில் பெயர் வந்தவர்

(கோவில்பட்டியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். "ஜெர்மனியில பேப்பர், டி.வி. எல்லாம் எப்படி இருக்கு, நம்ம ஊரோட ஒப்பிட்டுப் பேசுங்க" என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். லீவுக்கு வந்தவன் கையில் மைக்கைக் கொடுப்பது ஆபத்தான காரியம். "அங்கெல்லாம் அப்படி இல்லீங்க" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேப்பரில் ஒரு ஆளின் பெயரைப் போடுவது, போடாமல் விடுவது. அவ்வளவுதான்.

எங்கள் தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு, டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது என் வேலை. அப்போது ஆறாம் வகுப்பு. கடைக்கு இரண்டு மூன்று பேப்பர் வரும். ஆளுக்கொரு தாளாகப் பிரிந்து கிடக்கும். உள்தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கும் புரியும்படி செய்தி எழுத வேண்டும் என்று 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கி வைத்த பழக்கத்தின் பலனை அந்த பெஞ்சில் அனுபவித்தவன் நான். "இன்ன ஊரைச் சேர்ந்தவர் முனியாண்டி. இவருடைய மகன் கருப்பசாமி (வயது 32). கூலித் தொழிலாளி." இந்த இடம் வந்ததும் தாத்தா கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "எந்த முனியாண்டி? பருத்திக் கமிஷன் கடையில இருந்தானே, அவனா?" பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் சேர்ந்து அந்த முனியாண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அவன் மாமனார் ஊர் எது என்பதுவரை வந்துவிடும். கருப்பசாமி என்ன செய்தான், அவனுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

2008இல் நூரம்பர்க் போனேன். பகலில் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு. வகுப்பு டீச்சர் சொன்னார், "உள்ளூர் பேப்பரில் போலீஸ் செய்தியை மட்டும் வாசி. வாக்கியம் சின்னச் சின்னதாக இருக்கும்." வாசித்தேன். கடையில் திருடிய குற்றத்துக்குக் கோர்ட்டில் நிறுத்தப்பட்ட ஒருவர். பெயர் மார்க்குஸ் ஹெச். அடடா, இங்கேயும் இனிஷியல் போடுகிறார்கள், அப்பா பெயர் ஹெர்மனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போடவேண்டியதைப் பின்னால் போடுகிறார்களே என்று மட்டும் ஒரு சந்தேகம். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. பிறகுதான் தெரிந்தது, அது இனிஷியல் இல்லை, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. மிச்சத்தை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள், ஆள் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக. அந்த எழுத்துகூட இல்லாமல் "34 வயது ஆண்" என்று முடித்துவிடுவதும் உண்டு. எங்கள் தாத்தா அங்கே இருந்திருந்தால் பேப்பரைத் தூக்கி எறிந்திருப்பார்.

டி.வி.யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு டாகஸ்ஷௌ என்று ஒரு செய்தி. 1952 டிசம்பரில் தொடங்கியது. பதினைந்து நிமிடம். ஒருவர் வாசிப்பார், முடிந்ததும் போய்விடுவார். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று காலை ஏழேகாலுக்குக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலின் நிதானம் ஞாபகம் வரும். ஆறு பேர் ஆறு சதுரத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவது அந்த நேரத்தில் கிடையாது. இந்த மாதிரிப் பொது டி.வி., ரேடியோவுக்கு வீட்டுக்கு மாதம் 18 யூரோ 36 சென்ட் கட்ட வேண்டும். வீட்டில் டி.வி. இல்லை, ரேடியோ இல்லை என்றாலும் கட்ட வேண்டும். முதல் தடவை நோட்டீஸ் வந்தபோது நம்ம ஊர் கேபிள்காரரை நினைத்துக் கண்கலங்கினேன். சரி, பெயருக்கு வருகிறேன்.

அங்கே பத்திரிகைக் கவுன்சில் என்று ஒன்று 1956இலிருந்து இருக்கிறது. அரசாங்கம் நடத்துவது இல்லை, பதிப்பாளர்களும் பத்திரிகையாளர்களும் தாங்களே வைத்துக்கொண்டது. 1973இல் நெறிமுறைகளை எழுதி வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்று வெளிப்படுத்த, தனி மனிதனின் உரிமையைவிடப் பெரிய பொதுநலன் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மீறினால் கண்டனம், அந்தக் கண்டனத்தை அதே பத்திரிகை அச்சிட வேண்டும். அதிகக் கண்டனம் வாங்கியது பில்ட் என்கிற பரபரப்புப் பேப்பர். அங்கேயும் எல்லாரும் உத்தமர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே 1973இல் ஒரு தீர்ப்பும் வந்தது. லேபாக் என்ற ஊரில் நான்கு ராணுவ வீரர்களைக் கொன்ற வழக்கு, 1969இல் நடந்தது. அதில் உடந்தையாக இருந்த ஒருவனுக்கு ஆறு வருடத் தண்டனை. அவன் வெளியே வரப்போகிற நேரத்தில், அவன் பெயரையும் படத்தையும் காட்டி கட்டணத்தில் நடக்கும் பொது டி.வி. ஒன்று நாடகம்போல ஒரு படம் எடுத்து வைத்திருந்தது. அவன் கோர்ட்டுக்குப் போனான். அரசியல் சாசன நீதிமன்றம் படத்தை ஒளிபரப்பக் கூடாது என்றது. தண்டனையை அனுபவித்துவிட்டு வருகிறவன் திரும்ப ஊருக்குள் ஒரு ஆளாக வாழ வேண்டும், அதை நீ கெடுக்காதே என்பதுதான் சாரம். கவனியுங்கள், அவன் நிரபராதி இல்லை. குற்றவாளி. அவனுக்கே அப்படி.

நான் இருக்கும் ஊரை வைத்து இதற்கு எனக்கு ஒரு கணிப்பு உண்டு. நூரம்பர்க்கில்தான் யூலியுஸ் ஸ்ட்ரைஷர் என்கிற ஆள் 1923இலிருந்து 1945வரை டெர் ஸ்டூர்மர் என்ற வாரப் பேப்பரை நடத்தினான். யூதர்கள் மேல் விஷத்தைக் கக்குவதற்கென்றே இருந்த பேப்பர். காசு கொடுத்து வாங்காதவனும் வாசிக்கட்டும் என்று தெருமுனையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்தார்கள். வாசகர் கடிதம் என்ற பெயரில் அதில் என்ன வரும் தெரியுமா? எங்கள் தெருவில் இன்னார் யூதன் கடையில் சாமான் வாங்குகிறார், இன்னாருக்கு யூதப் பெண்ணோடு பழக்கம். பெயரோடு, ஊரோடு. பெட்டிக்கு முன்னால் நின்று வாசிக்கிற கூட்டத்தில் அந்த இன்னாரும் நின்றிருப்பார். 1946 அக்டோபரில் ஸ்ட்ரைஷரைத் தூக்கில் போட்டார்கள். அவன் கையால் யாரையும் கொல்லவில்லை. அச்சடித்த காகிதத்துக்காகத் தொங்கினான். நாஜித் தலைவர்களின் விசாரணை நடந்த 600ஆம் எண் அறைக்கு நம்ம ஊரிலிருந்து வருகிறவர்களை எல்லாம் கூட்டிப் போகிறேன். பெயர் போட்டு ஆளைக் காட்டிக்கொடுத்த பேப்பரைத் தெருத்தெருவாகப் பார்த்த ஜனம், பிறகு பெயர் போடவே கூசுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது என் வீட்டுக் கதை. எனக்கு ஒரு சித்தப்பா. பெயர் சொல்லப் போவதில்லை. உங்களில் இரண்டு பேருக்குத் தெரியும், நீங்களும் சொல்ல வேண்டாம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். 1994இல் நகைக்கடனில் முறைகேடு என்று நான்கு பேரைப் பிடித்தார்கள். மறுநாள் ஒரு பேப்பரில் வந்தது. ஊர், அப்பா பெயர், அவர் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது 41. ஸ்டேஷன் வாசலில் போலீஸார் இரண்டு பக்கமும் நிற்க நடுவில் நான்கு பேரும் தலை குனிந்து நிற்கிற படம். சித்தப்பா மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார். தப்பு செய்யாதவன் ஏன் குனிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதனால் அவர் முகம் மட்டும்தான் தெளிவாக விழுந்தது. மாவுக்கட்டுப் போட்ட கை இல்லை, அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. நம்ம ஊர் ஸ்டேஷன் பாத்ரூம் எவ்வளவு வழுக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

அன்றைக்குக் காலையில் டீக்கடை பெஞ்சில் யாரோ ஒரு பையன் அதை வாசித்திருப்பான். யாரோ ஒரு தாத்தா கையைத் தூக்கி நிறுத்தி, "எந்த ஆளு?" என்று கேட்டிருப்பார். கண்டுபிடித்தும் இருப்பார்கள்.

ஆறு வருடம் கழித்து, சித்தப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று கோர்ட் விடுவித்தது. ஒரு வரி வரவில்லை. சித்தி தீர்ப்பு நகலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பேப்பரின் நிருபரைப் போய்ப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "இது நியூஸ் ஆகாதும்மா. வேணும்னா விளம்பரமாப் போட்டுடலாம், சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆகும்" என்று விலையைச் சொன்னார். சித்தியிடம் அவ்வளவு பணம் இல்லை. மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வருகிற இடமெல்லாம் விசாரித்துவிட்டுப் போய்விடுகிற சமயமும்கூட.

இதைக் கேட்டதும் "அப்போ ஜெர்மனிக்காரன் செய்வதுதான் சரி" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது, சில வருடம். 2015 டிசம்பர் 31 ராத்திரி கொலோன் ரயில் நிலையத்தின் வாசலில் புத்தாண்டுக் கூட்டம். ஏராளமான பெண்களைச் சூழ்ந்துகொண்டு தொல்லை கொடுத்தார்கள், பணத்தைப் பறித்தார்கள். விடிந்ததும் போலீஸ் கொடுத்த அறிக்கையில் கொண்டாட்டம் பெரும்பாலும் அமைதியாக நடந்தது என்று இருந்தது. நாட்டின் பெரிய ஊடகங்கள் விழித்துக்கொள்ள நான்கு நாள் ஆனது. ஒரு பெரிய டி.வி. ஏழு மணிச் செய்தியில் அதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பே கேட்டது. சந்தேகப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் மூடி மறைத்தார்கள் என்று ஜனம் நம்பத் தொடங்கியது. பெயரை மறைத்துப் பழகியவர்கள் செய்தியையே மறைத்தார்கள் என்று ஆகிவிட்டது. எந்த நாட்டுக்காரன் என்பதை எப்போது எழுதலாம் என்ற விதியை 2017இல் திருத்தி எழுத வேண்டி வந்தது.

அந்த ஜனவரியில் டிராமில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். போலீஸ் அறிக்கையில் அங்கே ஒரு அடையாளம் எழுதுவார்கள்: "தெற்கத்தித் தோற்றம் கொண்ட நபர்." மத்தியதரைக் கடல் பக்கத்து ஆள் மாதிரி என்று பொருள். கருப்பு முடி, மாநிறம் எல்லாம் அதில் அடக்கம். வைகைக்குத் தெற்கே பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டா? பெயர் போடவில்லை, தோலின் நிறத்தைப் போட்டார்கள். அதில் நானும் வந்தேன்.

இன்னொன்று இதைவிட மோசம், எங்கள் ஊரிலேயே தொடங்கியது. 2000 செப்டம்பரில் நூரம்பர்க்கில் சாலையோரம் வண்டியில் பூ விற்றுக்கொண்டிருந்த என்வர் ஷிம்ஷேக் என்பவரைச் சுட்டார்கள். அவரையும் சேர்த்து, அடுத்த ஏழு வருடத்தில் பல ஊர்களில் துருக்கி, கிரேக்க வேர் உள்ளவர்கள் ஒன்பது பேர் செத்தார்கள். ஒரு போலீஸ் பெண்மணியையும் சேர்த்துப் பத்து. ஒருவர் தையல்காரர், ஒருவர் சாவிக் கடை வைத்திருந்தவர். ஒன்பது பேரில் இரண்டே பேர்தான் டோனர் கடையில் இருந்தவர்கள். டோனர் என்பது ரொட்டிக்குள் கறியைச் சீவி வைத்துக் கொடுப்பார்களே, அது. ஆனால் பத்திரிகைகள் மொத்தத்துக்கும் வைத்த பெயர் "டோனர் கொலைகள்". செத்தவர்கள் போதைப்பொருள் கடத்தினார்களோ, கொடுக்கல் வாங்கல் தகராறோ என்று போலீஸ் அவர்கள் வீட்டுப் பெண்களையே குடைந்தது. பேப்பர்களும் அதையே எழுதின. கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்று 2011 நவம்பரில்தான் வெளியே வந்தது. அந்த வருடத்தின் மோசமான சொல் என்று "டோனர் கொலைகள்" என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளின் பெயரைப் போடாமல், சாப்பாட்டுப் பண்டத்தின் பெயரைப் போட்டது எந்த நெறிமுறையில் வரும்? கொலைகாரர்கள் வளர்ந்த யேனா நகரில் இன்றைக்கு ஒரு சதுக்கத்துக்கு என்வர் ஷிம்ஷேக் பெயர் இருக்கிறது. 2020இல் வைத்தார்கள்.

நம்ம ஊர் பேப்பர் "முனியாண்டி மகன்" என்று எழுதுவதில் ஒரு மரியாதையும் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். பஸ் கவிழ்ந்தால் செத்தவர் ஒவ்வொருவரின் பெயரும் அப்பா பெயரோடு வருகிறது. "34 வயது ஆண்" என்று எழுதினால் சாத்தூரில் இருக்கிற அக்காவுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவைக் கெடுத்ததும் அதே வாக்கியம்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கலாம் என்று இருக்கிறது. பிடித்ததைப் போட்ட அதே இடத்தில், விட்டதையும் போடுங்கள். நாலு வரி போதும். அதற்கு ஜெர்மனியிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சித்தப்பா 2020இல் காலமானார். விமானம் ஓடாத நேரம், என்னால் வர முடியவில்லை. தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கண்ணீர் அஞ்சலி, அதே பேப்பரில், கால் பக்கம். பிள்ளைகள் பணம் போட்டுக் கொடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர், தாத்தா பெயர், அவர் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது 67. நிமிர்ந்து பார்க்கிற படமாகத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார் சித்தி.