கடன் அடைத்தும் ஈசியில் அடமானம் நிற்கிறதா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "2021லேயே வீட்டுக் கடனை அடைத்து, பத்திரத்தையும் வாங்கிவிட்டேன். இப்போது விற்கப் போனால், வில்லங்கச் சான்றில் (ஈசி) அடமானம் அப்படியே இருக்கிறது என்று வாங்குபவர் தயங்குகிறார். அதை எப்படி நீக்குவது?"

நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். கடன் வாங்கும்போது, மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணம் பதிந்திருப்பீர்கள். எம்ஓடி என்பார்களே, அதுதான். கடன் முடிந்தது வங்கிக்குத் தெரியும். சார்பதிவாளருக்கு யார் சொன்னது? பாக்கி இல்லை என்று வங்கி தந்த நோ ட்யூ கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கும், ஈசி மாறாது.

இதற்கு ரசீது ஆவணம் பதிய வேண்டும். கடன் முழுவதும் வந்துவிட்டது, இந்தச் சொத்தில் எங்களுக்கு இனி பாத்தியதை இல்லை என்று வங்கி எழுதிக் கொடுப்பது அது. எழுதிக் கொடுப்பது வங்கி என்பதால், அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். இழுபறி எல்லாம் இங்கேதான். முதலில் கிளையில் தேதி வாங்குங்கள், அப்புறம் பதிவுக்கு டோக்கன் போடுங்கள். ரசீதில் பழைய எம்ஓடியின் ஆவண எண்ணும் வருடமும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஓர் எண் மாறினாலும் எந்தக் கடனுக்கான ரசீது என்ற சந்தேகம் வந்துவிடும்.

நீக்குவது என்று கேட்டீர்கள். பழைய பதிவு அழியாது. அது இருக்கும், அதன் பிறகு ரசீதும் ஒரு பதிவாக வரும். வாங்குபவரின் வக்கீல் தேடுவது அந்த ரசீதைத்தான். 'ஈசியிலிருந்தே எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் ஒரு கும்பிடு போட்டு நகருங்கள்.

2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் ஏற்றிய அடமானப் பொறுப்பையும் வங்கி நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. உங்கள் கடன் அதற்கு முன்பே முடிந்ததால் அதைக் காட்டிக் கேட்க முடியாது. எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவேடான செர்சாயில் உள்ள பதிவையும் முடித்துவிடச் சொல்லுங்கள்.

கடன் கொடுத்த வங்கி வேறொன்றோடு இணைந்துவிட்டதா? அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்ததே, அது மாதிரி என்றால் இப்போதிருக்கும் வங்கிதான் ரசீது எழுதித் தர வேண்டும். தனியாரிடம் அடமானம் வைத்து, அவர் இறந்துபோயிருந்தால் சிரமம் அதிகம். அவருடைய வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், வாரிசுச் சான்றும் கேட்பார்கள். ஒருவர் முரண்டு பிடித்தாலும் நீதிமன்றம் வரை போக வேண்டிவரலாம்.